கடைசிக்கு முந்தின வரி

வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் பேசிக்கொண்டே வா என்று கேட்கும் கணவன் எத்தனை பெண்களுக்கு வாய்ப்பான்? குணவதி இதை நினைத்துப் பலமுறை தனக்குள் சிரித்துக்கொண்டிருக்கிறாள். கல்யாணமான புதிதில் டாக்டர் அம்பிகைபாகனுக்குக் காருக்குள் வானொலிச் செய்திதான் துணை. அவள் என்ன சொன்னாலும் "ம்" என்பார். இப்போதோ, எழுபதைத் தாண்டிய பிறகு, கார் சாவியைத் திருப்பும் முன்பே கேட்கிறார்:

"கதைச்சுக்கொண்டு வாரும் குணம்."

"என்னத்தைக் கதைக்க? விடிஞ்சதில இருந்து ஒண்டாத்தானே இருக்கிறம்."

"ரோட்டில என்ன நடக்குது எண்டு சொல்லும். உம்மட குரல் கேட்டா எனக்கு அலுப்புத் தெரியாது."

அவளும் சொல்லிக்கொண்டு வருவாள். சிவப்பு விழுந்திட்டுது, முன்னால பஸ் நிக்குது, அந்தப் பொடியன் போனைப் பாத்துக்கொண்டு கடக்கிறான் பாருங்கோ. தேக்கா கடைத்தெருவில் கிளினிக்கைப் பூட்டிக்கொண்டு ஈசூன் வீட்டுக்குப் போய்ச் சேரும்வரை இந்தக் கதை நடக்கும். விரைவுச்சாலையை அவர் விட்டு ஓராண்டுக்கு மேலாகிறது. மெதுவாகத் தாம்சன் சாலை வழியாகப் போனால் மரங்களைப் பார்க்கலாம் என்பார். மருமகள் சுபாங்கி ஒருநாள் பின் இருக்கையில் இருந்து கேட்டுவிட்டு, "மாமி, இந்த வயசில உங்களுக்கு ஓவர் ரொமான்ஸ்" என்றாள். குணவதிக்கு வெட்கமாகவும் இருந்தது, இரண்டு நாளைக்குப் பெருமையாகவும் இருந்தது.

அந்தப் புரட்டாசியில் புகைமூட்டம் மோசமாக இருந்தது. கடலுக்கு அப்பால் எங்கோ காடு எரிந்தது. சிராங்கூன் சாலையின் தீபாவளி வளைவுகள் பகலிலேயே மங்கிப்போய்த் தெரிந்தன. கிளினிக் கதவைத் திறந்தால் எரிந்த சருகின் வாடையும் பக்கத்துப் பூக்கடை மல்லிகையும் சேர்ந்து உள்ளே வந்தன. இருமல்காரர்கள் வந்தார்கள். அவர்களைவிட அதிகமாக, வழக்கம்போல, ஓட்டுநர்கள் வந்தார்கள்.

டாக்டர் அம்பிகைபாகன் தேக்காவில் ஓட்டுநர்களின் டாக்டர். டாக்சி, லாரி, கிரேன், பள்ளிப் பேருந்து, தொழிலாளர் பேருந்து என்று எதை ஓட்டுகிறவர்களும் உரிமம் புதுப்பிக்க அவரிடம் வந்து உடற்சோதனை செய்துகொண்டு கையெழுத்து வாங்கிப் போவார்கள். சிறுநீர் பார்ப்பது, எடை போடுவது, முத்திரை குத்துவது எல்லாம் குணவதி. இரத்த அழுத்தம், இதயம், கண் மூன்றும் அவர். கண்ணை மட்டும் அவர் யாரிடமும் விட்டதில்லை. "கை நடுங்கினா மருந்து குடுக்கலாம். கண் தெரியாதவனை ரோட்டில விட்டா ஆருக்கு மருந்து குடுக்கிறது?" என்பார்.

இப்படிச் சான்று கொடுக்கும் டாக்டர்களுக்கான விதிகள் இந்த ஆண்டு மாறிவிட்டன. எல்லோரும் புதிதாகப் பதிந்துகொள்ள வேண்டும், இணையத்தில் ஒரு பாடம் படிக்க வேண்டும், ஒரு தேர்வு எழுத வேண்டும். தேறாதவர் இனி ஓட்டுநர் எவருக்கும் கையெழுத்துப் போட முடியாது. அம்பிகைபாகனுக்குத் தேர்வு வரும் சனிக்கிழமை. மகன் கீதன், "அப்பா, திஸ் இஸ் எ குட் டைம் டு ஸ்டாப்" என்று சொல்லிப் பார்த்தான். அவர் அன்றிரவு முழுக்க அவனோடு பேசவில்லை.

பாடத்தை அவருக்கு வாசித்துக் காட்டியது குணவதிதான். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு அவர் சாய்வு நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டிருப்பார். அவள் கணினித் திரையைப் பார்த்து வாசிப்பாள். "நீர் வாசிச்சா மனசில நிக்குது" என்று சொல்லியிருந்தார். அதுவும் அவளுக்கு இனித்தது. ஓர் இடத்தில் இப்படி வந்தது: கண் சோதிக்கும் எழுத்துப் பலகை ஒன்றையே நெடுநாள் தொங்கவிடக் கூடாது, ஓட்டுநர்கள் அதை மனப்பாடம் செய்துவிட வாய்ப்புண்டு.

அவர் கண் திறக்காமல் சிரித்தார். "எங்கட ஆக்கள் அப்பிடிச் செய்ய மாட்டினம்."

"விதி எண்டா விதிதானே அப்பா. எங்கட போர்டும் மஞ்சளாப் போச்சுது," என்றாள் குணவதி. கீதன் பிறந்ததிலிருந்து அவள் அவரை அப்பா என்றுதான் கூப்பிடுவாள்.

அவள் புதுப் பலகை ஒன்றைத் தருவித்தாள். தேர்வுக்கு முந்தின வாரச் சனிக்கிழமை மாலை அவர் பின்னால் கை கழுவிக்கொண்டிருந்தபோது பழையதைக் கழற்றிவிட்டு கிளினிக்கின் உள் நடைபாதைக் கோடியில் புதியதை மாட்டினாள். அவரிடம் சொல்லவில்லை. புதுச் சேலை கட்டிய அன்று எப்படித் தானாகச் சொல்லாமல், எப்போது கவனிப்பார் என்று காத்திருப்பாளோ, அப்படி ஒரு சின்ன ஆசை.

திங்கட்கிழமை காலை அவர் அந்த நடைபாதையில் நாலைந்து தடவை நடந்துபோனார். ஒன்றும் சொல்லவில்லை. சேலையையும் இப்போதெல்லாம் அவர் கவனிப்பதில்லைதான் என்று குணவதி கொஞ்சம் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு பதிவு மேசையில் உட்கார்ந்தாள்.

பத்து மணிக்கு மேல் அழகர்சாமி வந்தார். கூடவே அவர் மனைவி சரசு. படியேறும்போது சரசு அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். "படி இருக்குங்க" என்று மெல்லச் சொன்னது குணவதிக்குக் கேட்டது. அறுபத்தைந்தைத் தொட்ட பருத்த மனிதர் அழகர்சாமி. உட்லண்ட்ஸ் விடுதியிலிருந்து கப்பல் பட்டறை ஆட்களை ஏற்றி, பூன் லே பக்கம் கொண்டுபோய் விட்டு, சாயங்காலம் திரும்ப அழைத்துவரும் கம்பெனிப் பேருந்தை ஓட்டுகிறவர். ஏற்கெனவே உட்கார்ந்திருந்த நடேசன், சிமெண்ட் கலவை லாரி ஓட்டுகிறவர், அவர்களைக் கண்டதும் நிமிர்ந்தார்.

"வாய்யா அழகரு. கண்டக்டரம்மாவையும் கூட்டிட்டு வந்துட்டியா? அவங்களுக்கும் மெடிக்கலா?"

"இல்லண்ணே," என்றாள் சரசு, "உங்க வாய்க்கு ஒரு மெடிக்கல் வைக்கணும்னு சொன்னாங்க, அதான் பாத்துட்டுப் போகலாம்னு வந்தேன்."

நடேசன் குலுங்கிச் சிரித்தார். பிறகு குணவதி பக்கம் திரும்பினார். "டாக்டரம்மா, உங்களுக்குத் தெரியுமா? இவன் பஸ்ல முன் சீட்டு எப்பவும் இவங்களுக்குத்தான். காலையில கோழி கூவுறதுக்கு முன்னால ஏறிடுவாங்க. ஒரு நாள் லீவு கெடையாது லா. கம்பெனிக்குச் சம்பளம் ஒண்ணு, ஆளு ரெண்டு!"

"வீட்ல தனியா உக்காந்து என்ன பண்ணப் போறா?" என்றார் அழகர்சாமி. "பேச்சுத் துணைக்கு வர்றா."

"எங்கட வீட்டிலயும் அப்பிடித்தான்," என்று குணவதி சிரித்தாள். "ரோட்டில நடக்கிறது எல்லாத்தையும் நான் சொல்லிக்கொண்டு போகோணும். இல்லாட்டி டாக்டருக்குக் கார் ஓடாது."

சரசு சட்டென்று நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். ஏதோ கேட்கப் போகிறவள் போல இருந்தது. பிறகு தலையைக் குனிந்துகொண்டு பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து மேசைமேல் வைத்தாள். "புளியோதரைம்மா. டாக்டருக்குப் புடிக்கும்ல. புரட்டாசிக்கு நல்லெண்ணெய் ஊத்திக் கிண்டினது."

டப்பா இன்னும் சூடாக இருந்தது.

உள்ளேயிருந்து மணி அடித்தது. அழகர்சாமி எழுந்து போனார். மருத்துவர் அறை வாசலில், தரையில் மஞ்சள் நாடா ஒட்டியிருக்கும். அந்தக் கோட்டில் நின்று நடைபாதைக் கோடியில் உள்ள பலகையை வாசிக்க வேண்டும். டாக்டர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து கேட்பார். பதிவு மேசைக்கும் அந்த இடத்துக்கும் நடுவே ஒரு மரத் தட்டிதான். காத்திருப்பவர்களுக்கு எல்லாம் கேட்கும்.

"இடது கண்ணைப் பொத்தும். கடைசிக்கு முந்தின வரி."

"எஃப்," என்றார் அழகர்சாமி. "ஈ... எல்... ஓ... பி..."

குணவதியின் பேனா நின்றது.

எதிர் நாற்காலியில் சரசு மடியில் கை கோத்து உட்கார்ந்திருந்தாள். கண்கள் தரையில். உதடுகள் மட்டும் அசைந்தன. எஃப், ஈ, எல், ஓ, பி.

"இப்ப மற்றக் கண்."

"எஃப், ஈ, எல், ஓ, பி." இந்தத் தடவை வேகமாக, ஒரே மூச்சில்.

குணவதி தட்டியைப் பார்த்தபடி காத்திருந்தாள். இப்போது கேட்பார். என்ன அழகர்சாமி, எந்தப் போர்டை வாசிக்கிறீர் என்று கேட்டுச் சிரிப்பார். அப்போதாவது புதுப் பலகை அவர் கண்ணில் படும்.

"குட்," என்றார் டாக்டர் அம்பிகைபாகன். "வெரி குட். வயசு போனாலும் உமக்குக் கண் போகேல்லை. வாரும், பிரஷர் பாப்பம்."

அவர்கள் உள்ளே போய்க் கதவு சாத்தியதும் குணவதி கையில் ஒரு ஃபைலை எடுத்துக்கொண்டு நடைபாதைக் கோடிவரை நடந்தாள். தான்தான் தப்பாக நினைத்துக்கொண்டிருக்கிறோமோ என்று ஒரு நப்பாசை. புதுப் பலகை பளிச்சென்று தொங்கியது. அச்சு மை வாடைகூடப் போகவில்லை. கடைசிக்கு முந்தின வரி: ஹெச், கே, வி, எஸ், என்.

திரும்பி வந்து உட்கார்ந்தாள். அழகர்சாமி தாளோடு வந்தார். டாக்டரின் கையெழுத்துக்குப் பக்கத்தில் முத்திரைக்கான வட்டம் காலியாக இருந்தது. தாள் மேசைமேல் கிடக்க, முத்திரைக் கட்டை கையில் இருக்க, சரசு அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். நோயாளிகள் முன்னால் டாக்டரின் சொல்லை அவள் இதுவரை மறுத்ததில்லை. அது அவர்கள் வீட்டுப் பழக்கம் மட்டுமில்லை, அந்த மேசையின் ஒழுங்கு. ஏதோ காரணம் இருக்கும், மத்தியானம் கேட்டுக்கொள்ளலாம் என்று நினைத்து முத்திரையைக் குத்தினாள்.

"வர்றோம்மா," என்றாள் சரசு. வாசலில், "படி இருக்குங்க" என்று மறுபடி கேட்டது.

அடுத்தது நடேசன். அவர் மஞ்சள் கோட்டில் நிற்கும் முன்பே பேச ஆரம்பித்துவிட்டார். "டாக்டர், புகையில தொண்டைதான் போச்சு, கண்ணு கழுகு மாதிரி இருக்கு."

"கதையைக் குறைச்சு வரியை வாசியும்."

"ஹெச், கே, வி, எஸ், என்."

உள்ளே நாற்காலி நகர்ந்தது.

"ஆறுதலா, ஒவ்வொண்டா வாசியும் நடேசன்."

"ஹெச். கே. வி. எஸ். என்."

"மற்றக் கண்."

நடேசன் அதையே வாசித்தார். இப்போது கொஞ்சம் உரத்த குரலில்.

"பகிடி விடாதையும், இது விளையாட்டில்லை. கண்ணில ஏதோ இருக்கு. ஒரு கண் ஸ்பெஷலிஸ்டிட்டக் காட்டிக்கொண்டு வாரும். அவர் எழுதித் தந்தா நான் கையெழுத்து வைக்கிறன்."

"என்ன டாக்டர் சொல்றீங்க? இந்த வாரத்தோட என் லைசென்ஸ் முடியுது! இங்கேர்ந்தே பாருங்க, எதிர்க்கடை போஸ்டர்ல சின்னதா கீழ எழுதியிருக்கான், 'கையிருப்பு உள்ளவரை மட்டும்'னு. அது தெரியிற கண்ணுக்கு இது தெரியாதா?"

"ரூல் எண்டா ரூல்," என்றார் அம்பிகைபாகன். குரலில் கோபமில்லை. உண்மையான கவலைதான் இருந்தது. "கோவிக்காதையும். அவ்வளவு பெரிய லாரி. உமக்கு முன்னால எத்தினை சீவன் ரோட்டில போகுது, யோசியும்."

நடேசன் பதிவு மேசைக்கு வந்தபோது அவர் முகத்தில் கேலி இல்லை. "டாக்டரம்மா, நீங்க கேட்டீங்கல்ல? நான் தப்பாவா படிச்சேன்?"

குணவதி அவர் முகத்தைப் பார்க்கவில்லை. "இப்ப போங்கோ. நான் போன் பண்ணுறன்," என்றாள். "நான் கட்டாயம் பண்ணுறன்."

கண் தெரியாதவர் சான்றோடு போய்விட்டார். கண் தெரிந்தவர் சான்றில்லாமல் போகிறார். இரண்டுக்கும் ஒரே காரணம்தான். அந்தக் காரணம் தட்டிக்கு அந்தப்புறம் உட்கார்ந்து மணியடித்து அடுத்த ஆளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது.

மத்தியானம் அவர் புளியோதரையை ருசித்துச் சாப்பிட்டார். "சரசுவிட கைக்கு ஒரு வாசம் இருக்கு," என்றார். கடலைப் பருப்பு ஒன்று தட்டுக்கு வெளியே விழுந்தது. அவர் விரல்கள் மேசைமேல் மூன்று நான்கு இடத்தில் தொட்டுத் தேடி, அப்புறம் தேடுவதை விட்டன. இதே விரல்கள் மருந்துப் புட்டியை எடுத்தால் அவர் முகர்ந்து பார்ப்பார். அனுபவம் என்று அவள் நினைத்திருந்தாள். கணினி எழுத்தைப் பெரிதாக்கச் சொன்னார். வயது என்று நினைத்திருந்தாள். கோயிலில் எதிரே வந்து வணங்கியவரைப் பார்க்காமல் போனார். யோசனை என்று நினைத்திருந்தாள். அவள் ஒவ்வொன்றுக்கும் ஓர் அன்பான பெயர் வைத்திருந்தாள்.

கேட்க வாயெடுத்தாள். வெளியே யாரோ நெஞ்சு கிழிய இருமினார்கள். அவர் எழுந்து போய்விட்டார்.

அழகர்சாமியின் எண் கணினியில் இருந்தது. இரண்டு தடவை தொலைபேசியை எடுத்தாள். உங்கள் சான்று செல்லாது என்று சொன்னால், ஏன் என்று கேட்பார். ஏன் என்று சொன்னால் சாயங்காலத்துக்குள் தேக்கா முழுக்கத் தெரியும். சனிக்கிழமைத் தேர்வு, வாசல் பெயர்ப்பலகை, காலையில் எழுந்ததும் அவர் சட்டைப் பையில் செருகும் பேனா எல்லாம் அதோடு முடிந்துவிடும். வைத்துவிட்டாள். அவர் சாயங்காலம்தானே மறுபடி வண்டி எடுப்பார், அதற்குள் பேசிவிடலாம் என்று தனக்கே சமாதானம் சொன்னாள். ஆனால் இருமல்காரர்கள் விடவில்லை. கடைசி ஆளை அனுப்பிக் கதவைப் பூட்டும்போது ஏழு மணி இருக்கும். தெரு விளக்குகள் புகைக்குள் மஞ்சள் பஞ்சாகத் தொங்கின.

காரில் ஏறியதும் அவர் சொன்னார். "கதைச்சுக்கொண்டு வாரும் குணம்."

அவள் பேசவில்லை. அப்படி ஒரு முடிவை அவள் எடுத்திருக்கவில்லை. வாய் வரவில்லை. கார் நகர்ந்தபோதுதான், இப்படியே இருந்து பார்த்துவிடுவோம் என்ற எண்ணம் வந்தது. தான் நினைப்பது தப்பாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டாள்.

"என்ன, இண்டைக்குக் கதையில்லையோ?"

"தொண்டை சரியில்லை. புகை."

"ஓம், பொல்லாத புகை," என்றார். பிறகு அவரே பேச ஆரம்பித்தார். நடேசனின் கண்ணைப் பற்றி, தேர்வைப் பற்றி. பேச்சு வழக்கத்தைவிட வேகமாக இருந்தது. கார் வழக்கத்தைவிட மெதுவாகப் போனது. ஸ்டியரிங் மேல் அவர் உடம்பு கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் சாய்ந்தது. முன்னே போன பேருந்தின் பின்விளக்கைப் பிடித்துக்கொண்டே போனார். அது நின்றால் நின்றார், நகர்ந்தால் நகர்ந்தார். தாம்சன் சாலையில் அந்தப் பேருந்து இடப்பக்க நிறுத்தத்துக்குள் ஒதுங்கியது. முன்னால் சாலை வெறுமையானது.

தூரத்தில் புகைக்குள் சிவப்பு தெரிந்தது. அவளுக்குத் தெரிந்தது. பாதசாரிகள் கடக்கும் கோட்டில் ஒருவர், சாப்பாட்டுப் பை மாட்டிய சைக்கிளைத் தள்ளிக்கொண்டு இறங்கினார். கார் வேகம் குறையவில்லை. இப்போது நிறுத்துவார் என்று நினைத்தாள். இப்போது.

"சிவப்பு!" என்று கத்தினாள். "ஆள்! ஆள்!"

டயர் கிறீச்சிட்டது. பெல்ட் அவள் மார்பை அறுத்தது. கார் கோட்டைத் தாண்டி நின்றபோது சைக்கிள்காரரின் முழங்காலுக்கும் பம்பருக்கும் நடுவே ஒரு கையளவுதான் இடைவெளி. அவர் பானெட்டை ஓங்கி அறைந்தார். ஏதோ கத்தினார். கடந்து போய், திரும்பிப் பார்த்து, மறுபடி கத்தினார்.

"இடது பக்கம்," என்றாள் குணவதி. "மெல்ல. சிக்னல் போடுங்கோ. பின்னால ஒருத்தரும் இல்லை. இன்னும் கொஞ்சம். நிப்பாட்டுங்கோ."

கார் ஓரமாக நின்றது. அபாய விளக்கின் பொத்தானை அவர் விரல்கள் தேடின. அவளே அழுத்தினாள். டிக், டிக் என்று சத்தம் காரை நிறைத்தது.

"புகைக்குள்ள..." என்று ஆரம்பித்தார்.

"நான் போர்டை மாத்தினனான் அப்பா."

"எந்தப் போர்டு?"

"போன சனிக்கிழமையே மாத்திட்டன். நீங்கள் காணுவீங்கள் எண்டு பாத்துக்கொண்டு இருந்தனான்." அவள் மூச்சு வாங்கினாள். "நடேசன் வாசிச்சதுதான் சரி."

அவர் கைகள் ஸ்டியரிங்கிலேயே இருந்தன. "நடுவில ஒரு புகை," என்றார். "எதைப் பாத்தாலும் அந்த இடத்தில மட்டும் ஒரு புகை. உம்மட முகத்தைப் பாத்தா கரை தெரியும், காது தெரியும். முகம் தெரியாது. போன வருசம் தொடங்கினது."

"எனக்கு ஏன் சொல்லேல்லை?"

"என்னெண்டு சொல்ல? சொன்னா நீர் என்னைக் கார் ஓட விடமாட்டீர். கையெழுத்து வைக்க விடமாட்டீர். பிறகு நான் ஆர்?" தன் கண்களை இரண்டு உள்ளங்கையாலும் பொத்திக்கொண்டார். உடனே கைகளை எடுத்தார். "அழகர்சாமி! அவன் என்னத்தை வாசிச்சவன்?"

"பழைய போர்டை."

"கடவுளே. இப்ப எங்க அவன்?"

"பூன் லேயில ஆக்களை ஏத்திக்கொண்டு உட்லண்ட்ஸுக்குப் போற நேரம்."

"எடும். போனை எடும்."

பேருந்துக் கம்பெனி அலுவலகத்தில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. பூட்டிக்கொண்டு போயிருப்பார்கள். அழகர்சாமியின் எண்ணில் விரலை வைத்தவள் நிறுத்தினாள். ஸ்டியரிங் பிடித்திருக்கும் கை அது. கைப்பேசியைப் பார்க்கக் குனிந்தால் என்ன ஆகும்? அதற்குக் கீழே அவசரத்துக்கு என்று கொடுத்திருந்த சரசுவின் எண் இருந்தது. அதை அழைத்தாள்.

"சொல்லுங்கம்மா." பின்னால் என்ஜின் உறுமலும், ஆட்கள் சிரிக்கும் சத்தமும், யாருடைய கைப்பேசியிலோ பாட்டும் கேட்டன. "புளியோதரை நல்லா இருந்துச்சா?"

"சரசு, முன் சீட்டிலயோ இருக்கிறீங்கள்?"

"ஆமாம்மா. எப்பவும் அங்கதான்."

"நானும் முன் சீட்டிலதான் இருக்கிறன்."

பாட்டு மட்டும் கேட்டது.

"போர்டு புதுசு, சரசு. அழகர்சாமி வாசிச்சது பழைய எழுத்து."

"நாந்தாம்மா சொல்லிக் குடுத்தேன்." சரசு கிசுகிசுத்தாள். "போன தடவை அங்க உக்காந்து மத்தவங்க படிக்கிறதக் கேட்டுட்டு வந்து, அரிசி களையும்போது தினம் ஒப்பிக்க வைப்பேன். கிட்டத்துல எல்லாம் நல்லாத் தெரியும்மா. தூரத்துலதான்... நான் பாத்துச் சொல்லிடறேன்ல? ஒரு நாள் தப்பினது இல்லம்மா. கண்ணை அங்க இங்க எடுக்க மாட்டேன். தண்ணிகூடக் குடிக்க மாட்டேன். டாக்டரே பாஸ் போட்டுட்டாரே, அவருக்குத் தெரியாதா..."

அம்பிகைபாகன் கையை நீட்டினார். அவள் ஸ்பீக்கரைப் போட்டுக் கைப்பேசியை அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

"சரசு, நான் அம்பிகைபாகன். நான் போட்ட பாஸ் செல்லாது. எனக்கும் போர்டு தெரியேல்லை."

"உங்களுக்குமா டாக்டர்?"

"ஓம். எனக்கும்தான்."

என்ஜின் சத்தத்துக்கு மேலாக அழகர்சாமியின் குரல் கேட்டது, இயல்பாக, கொஞ்சம் எரிச்சலோடு. "யாரு சரசு? போன அப்புறம் பேசு. லைட்டு என்ன, சொல்லு."

குணவதி தன் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"பச்சைதாங்க," என்றாள் சரசு. அழுகிறாளா இல்லையா என்று தெரியவில்லை. "ஆனா போக வேணாம். இடது பக்கம் பஸ் ஸ்டாப் வருது. அதுக்குள்ள விடுங்க."

"ஏன்? என்னாச்சு?"

"சொல்றேன். விடுங்க. மெதுவா. சைக்கிள் ஒண்ணு இருக்கு, போகட்டும். இப்ப ஒடிச்சுத் திருப்புங்க."

பின்னால் வந்த வண்டி எதுவோ நீளமாக ஹாரன் அடித்தது. பிறகு டிக், டிக் என்று சத்தம். அது அங்கிருந்து வருகிறதா, தங்கள் காரிலிருந்தா என்று குணவதிக்குப் புரியவில்லை. கையை நீட்டித் தங்கள் விளக்கை அணைத்தாள். டிக், டிக் தொடர்ந்தது. அங்கேதான். மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டாள். என்ஜின் இருமி, அடங்கி, நின்றது. "அண்ணே, ஏன் இங்க நிறுத்திட்டீங்க?" என்று யாரோ ஓர் இளைஞன் கேட்டான்.

"நின்னுடுச்சும்மா," என்றாள் சரசு. "நான் என்னன்னு சொல்லுவேன் அவருக்கு?" அதோடு தொடர்பு அறுந்தது.

குணவதி அபாய விளக்கை மறுபடி போட்டாள். அம்பிகைபாகன் சாவியை உருவி அவள் மடியில் வைத்தார். இனிக் கேட்க மாட்டேன் என்பது போல அதை அவள் கையால் மூடினார்.

"நாளைக்குக் காலமை நடேசனைக் கூப்பிடும். நான் மன்னிப்புக் கேக்கோணும். அவரை வேற டாக்டரிட்ட அனுப்புவம்."

"ஓம்."

"மற்ற எல்லாரையும் கூப்பிடோணும் குணம். போன வருசத்தில இருந்து நான் கையெழுத்து வைச்ச எல்லாரையும்."

"நான் கூப்பிடுறன். எல்லாரையும் கூப்பிடுறன்."

"ஓம். நாளைக்கு." அவர் முகம் அவள் பக்கம் திரும்பியது. "இண்டைக்கு இரவுக்கு என்ன செய்யிறது?"

முத்திரை குத்திக் கொடுத்த முகங்கள் அவளுக்கு ஒவ்வொன்றாக நினைவில் வந்தன. காது கேட்காதது போல நடித்துக் கேலி பேசும் டாக்சிக்காரர், கிரேன்காரர், பள்ளிப் பேருந்து ஓட்டும் அந்த மலாய்க்காரர், வரும்போதெல்லாம் கறிபஃப் பலகாரம் வாங்கிவரும் எண்ணெய் டேங்கர்காரர். அவர்களில் யார் பார்த்து வாசித்தார்கள், யார் கேட்டு வாசித்தார்கள்? "குட்" என்ற ஒரே சொல்தான் எல்லோருக்கும் கிடைத்திருந்தது.

பின்னாலிருந்து வெளிச்சம் வந்தது. கண்ணாடி முழுக்க மஞ்சளாகப் பரவி, கார் ஆடும்படி பெரிதாக ஏதோ அவர்களை உரசுவதுபோலக் கடந்து போனது. அவர் கதவுப் பிடியை இறுகப் பிடித்தார்.

"என்ன போகுது?"

"எண்ணெய் லாரி."

"ஓட்டுறது ஆர்?"

குணவதி கண்ணாடியைத் துடைத்துவிட்டுக் குனிந்து பார்த்தாள். புகைக்குள் இரண்டு சிவப்பு விளக்குகள் சிறுத்துக்கொண்டே போயின. முகம் தெரியவில்லை.